மரப்பட்டறைச் சத்தம் 94 டெசிபல்: காதுக்கு ஆபத்தா?

காரைக்குடியில் அண்ணன் மரப்பட்டறையில் ரம்ப மெஷின் ஓடும்போது செல்போன் ஆப் 94 டெசிபல் காட்டுகிறது, பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், கவனிக்க வேண்டிய அளவுதான்.

அந்த எண் மட்டும் போதாது, எத்தனை நேரம் என்பதும் வேண்டும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரே மணி நேரம். செட்டிநாட்டு நிலைக்கதவு வேலை வந்துவிட்டால் ரம்பம் மொத்தமாக 3 மணி நேரமாவது ஓடாதா? அப்படியானால் அந்த ஒரு மணி நேர வரம்பைப் போல மூன்று மடங்கு. நம் தொழிற்சாலை விதிகளில் பழகிய 90 டெசிபல் வரம்பைப் பாதுகாப்பான எல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

போன் ஆப் தோராயம்தான். சரியாக அளக்க, தோளில் மாட்டும் டோசிமீட்டரை (காதுக்கு வரும் சத்தத்தைக் கூட்டிக் கணக்கிடும் சிறு கருவி) நாள் முழுக்க அண்ணன் அணிய வேண்டும். தகரக் கூரை சத்தத்தைத் திருப்பியடிக்கும், அதையும் அது சேர்த்தே பதியும்.

உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் திரும்ப வளராது. பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன்தான் முதலில் குறையும், அதனால் ஆரம்பத்தில் பேச்சு நன்றாகவே கேட்கும். சாயங்காலம் காதில் இரைச்சல் இருக்கிறதா என்று அண்ணனிடம் கேளுங்கள். இரத்த அழுத்தமும் கூடலாம்.

பஞ்சு அடைப்பது போதாது, இயர் மஃப் வாங்கிக் கொடுங்கள். அப்புறம் வருடம் ஒருமுறை ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறன் சோதனை.