இங்கிலாந்துத் தொழிலாளர்கள் வாக்குரிமை கேட்டு நடத்திய சார்ட்டிஸ்ட் இயக்கம் தோன்றியது ஏன்? பசியா, வாக்குரிமையா?

இரண்டும்தான். ஆனால் பசி மட்டும் என்றால் கலகத்தோடு முடிந்திருக்கும். அதை அரசியலாக்கியது ஏமாற்றம்.

வாக்குரிமையை விரிவாக்கிய 1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்துக்காகத் தொழிலாளர்களும் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பலன் கிடைத்தது நடுத்தர வர்க்கத்துக்கு. நகரங்களில் ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகை மதிப்புள்ள வீட்டில் குடியிருந்தால்தான் வாக்கு என்று விதித்தார்கள். ஆலைத் தொழிலாளி அந்த வீட்டுக்கு எங்கே போவான்?

அடுத்து அந்தப் புதிய நாடாளுமன்றம் செய்ததைப் பாருங்கள். 1834-இல் புதிய ஏழையர் சட்டம். உதவி வேண்டுமா, பணி இல்லத்துக்குள் வா என்றது. உள்ளே போனால் கணவன் ஒருபுறம், மனைவி மறுபுறம், பிள்ளைகள் வேறொருபுறம். மக்கள் அதைச் சிறை என்றே அழைத்தார்கள். அதே ஆண்டு, டால்படல் கிராமத்தில் சங்கம் அமைத்து உறுதிமொழி எடுத்த ஆறு விவசாயக் கூலிகள் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

விசைத்தறியால் கைத்தறி நெசவாளர்களின் கூலி ஏற்கெனவே சரிந்திருந்தது. 1837-இல் தொடங்கிய வணிக மந்தம் வேலையையும் பறித்தது. வாக்குரிமை என்பது "கத்தி, முள்கரண்டிப் பிரச்சினை", அதாவது சோற்றுப் பிரச்சினை என்று இயக்கத்தின் பேச்சாளரான போதகர் ஸ்டீபன்ஸ் சொன்னது இந்தச் சூழலில்தான்.

இயக்கத்துக்குப் பெயர் தந்த, 1838-இல் வெளியான மக்கள் சாசனத்தின் (சார்ட்டர்) ஆறு கோரிக்கைகளில் கூலி உயர்வு என்ற சொல்லே இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு. ஆண்கள் அனைவருக்கும் வாக்கு, ரகசிய வாக்கெடுப்பு, உறுப்பினர்களுக்குச் சம்பளம் என எல்லாமே நாடாளுமன்றத்தைப் பற்றியவை. சட்டம் இயற்றும் இடத்தில் ஆளில்லாததே தங்கள் வறுமைக்குக் காரணம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.