அதே கேள்வி நம் பக்கமும்

வணக்கம்.
வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது நல்லதா என்று அலுவலக நண்பரோடு பல நாளாக வாக்குவாதம். நல்லது என்பது என் கட்சி. நான்கு ஆய்வுக் கட்டுரைகள் அனுப்பினேன். பதிலுக்கு அவர் ஒன்றே ஒன்று அனுப்பினார். படித்தால், அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களே சொற்பம். அதை எடுத்துச் சொல்லியும் மனிதர் மசியவில்லை. இப்படி முன்முடிவோடு இருப்பவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
எம்.

அன்புள்ள எம்.,

அவர் அனுப்பிய ஆய்வில் எத்தனை பேர் என்று பார்த்திருக்கிறீர்கள். நல்ல கேள்விதான். நீங்கள் அனுப்பிய நான்கிலும் அதைப் பார்த்தீர்களா? சார்பு பெரும்பாலும் நியாயமான கேள்வியாகவே வருகிறது. அந்தக் கேள்வியை எதிர்ப்பக்கத்திடம் மட்டும் கேட்கிறோம், அவ்வளவுதான். அதனால் நம்முடைய சார்பு நம் கண்ணில் படுவதில்லை.

1979-ல் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்கள் 24 பேர், எதிர்ப்பவர்கள் 24 பேர். தண்டனை கொலைகளைத் தடுக்கிறது என்று ஓர் ஆய்வு, தடுக்கவில்லை என்று இன்னொன்று. இரண்டையும் எல்லோரும் படித்தார்கள். தனக்கு ஒத்துவராத ஆய்வில்தான் ஒவ்வொரு தரப்பும் ஓட்டை கண்டது. படித்து முடித்தபோது, முன்னைவிட உறுதியாகிவிட்டதாக இரு தரப்புமே சொன்னது.

எனக்கு முக்கியமாகப் படுவது 1984-ல் வந்த தொடர் ஆய்வு. நடுநிலையோடு படியுங்கள் என்று ஒரு குழுவிடம் சொன்னார்கள், பலனில்லை. இன்னொரு குழுவிடம், 'இதே ஆய்வு, இதே முறையில், நேரெதிர் முடிவு தந்திருந்தால் இப்படித்தான் மதிப்பிட்டிருப்பீர்களா?' என்று அடிக்கடி தங்களையே கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சாய்வு குறைந்தது.

உங்கள் நான்கு கட்டுரைகளையும் அப்படிப் பாருங்கள். முடிவு மாறியிருந்தால் எதைத் தள்ளியிருப்பீர்களோ, அதை இப்போதே தள்ளிவிடுங்கள். இரண்டு மிஞ்சினாலும் போதும். நாலில் ஒன்று சொத்தையாக இருந்தால், எதிராளி அதைத்தான் பிடித்துக்கொள்வார். நல்ல மூன்றும் அதோடு போய்விடும்.

இன்னொன்று. எவ்வளவு வேலை முடிகிறது என்பது உங்கள் அக்கறையாக இருக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர் யாரைப் பார்த்துத் தொழில் பழகுவார் என்பது அவருடைய கவலையாக இருக்கலாம். அப்படியானால் நாற்பது கட்டுரை அனுப்பினாலும் அவருக்கு அது பதிலாகாது. அவர் ஏன் எதிர்க்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த கட்டுரையை அனுப்பும் முன் அதைக் கேளுங்கள். கேட்டதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். 'ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்' என்று அவர் சொன்ன பிறகு உங்கள் தரப்பை ஆரம்பிக்கலாம்.