பசிபிக் தீவில் ஊழியம் செய்த மிஷனரி தம்பதியின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது?

பெரும்பகுதி வீட்டு வேலைதான். பாடம் சொல்லிக்கொடுப்பது, துணி தைப்பது, காய்ச்சலில் கிடப்பவர்களுக்கு மருந்து கொடுப்பது, மாவு காயவைப்பது, கப்பல் எப்போது வரும் என்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பது. பிரசங்கத்துக்கு அதில் சிறிய இடமே உண்டு.

எந்தத் தீவு, எந்தக் காலம் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அதனால் எனக்குப் பழக்கமான 19ஆம் நூற்றாண்டு வனுவாட்டுத் தீவுகளை வைத்துச் சொல்கிறேன். அப்போது அவற்றுக்கு நியூ ஹெப்ரிடிஸ் என்று பெயர். மிஷனரிகளின் பழைய கடிதங்களை வாசிப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். நீங்கள் 'தம்பதி' என்று கேட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வழக்கமாகக் கணவரைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள்.

ஜான் கெடி என்ற மிஷனரியும் அவர் மனைவி சார்லட்டும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து 1846 நவம்பர் இறுதியில் புறப்பட்டார்கள். தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றி, ஹவாய் வழியாகச் சமோவா சேர்ந்து, அங்கே சில மாதங்கள் தங்கி, 1848 ஜூலையில் அந்தத் தீவுகளில் ஒன்றான அனெய்ட்டியத்தில் இறங்கினார்கள். கடைசிக் கட்டப் பயணம் லண்டன் மிஷன் சங்கத்தின் கப்பலில். நாகர்கோவில்காரர்களுக்கு அந்தச் சங்கத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்து பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த மால்ட் அம்மையாரும் அதே சங்கத்தைச் சேர்ந்தவர்தான். எங்கள் ஊரில் அந்த அம்மையார் செய்ததையே சார்லட் அங்கே செய்தார் என்று கண்டபோதுதான் இந்தக் கடிதங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன.

அனெய்ட்டியத்தில் பள்ளி விடியற்காலையில் கூடும். சூரியன் ஏறுவதற்குள் முடித்தால்தான் மக்கள் தோட்டத்துக்குப் போக முடியும். சிறுவர், பெரியவர் என்ற பிரிவு கிடையாது. எல்லோரும் அப்போதுதான் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தார்கள். புறப்படும் முன்பே கெடி அச்சுத் தொழிலையும் கொஞ்சம் மருத்துவத்தையும் படித்திருந்தார். அந்த மொழிக்கு எழுத்து வடிவம் கொடுத்து, அரிச்சுவடியைத் தாமே அச்சடித்தார். சார்லட்டின் பகல் வேறு மாதிரி. வீட்டிலேயே தங்கிப் படிக்கும் பெண்பிள்ளைகள், அவர்களுக்குச் சாப்பாடு, தையல் வகுப்பு, பெண்களுக்கான வாசிப்பு வகுப்பு, இவற்றுக்கு நடுவே தம் சொந்தக் குழந்தைகள். உணவு பெரும்பாலும் அங்கே விளைந்தது: சேம்பு, வள்ளிக்கிழங்கு, சீமைப்பலா, வாழை, தேங்காய், மீன். கோதுமை மாவும் தேயிலையும் கப்பல் வந்தால்தான்.

அந்தப் பெண்பிள்ளைகளின் இருப்பை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கணவன் இறந்தால் மனைவியின் கழுத்தை நெரித்துக் கொன்று உடன் அனுப்பும் வழக்கம் அந்தத் தீவில் இருந்தது. பெண்ணின் உயிருக்குத் தனி மதிப்பு உண்டு என்பதைப் பிரசங்கத்தில் சொல்வது ஒன்று. ஒரு வீட்டில் பெண்பிள்ளைகளைச் சேர்த்து, அவர்களுக்கு எழுத்தறிவித்து, அதை நாள்தோறும் வாழ்ந்து காட்டுவது வேறு. என் கணிப்பில் சார்லட்டின் வேலைதான் ஆழமாக இறங்கியது.

மாவு என்று மேலே சொன்னேன் அல்லவா? அது ஆரோரூட் மாவு. தீவில் தானாக விளையும் கிழங்கைத் தோண்டி, துருவி, நீரில் பலமுறை அலசி, அடியில் படியும் வெள்ளை மாவை வெயிலில் காயவைப்பார்கள். மண்ணோ தூசியோ ஒட்டினால் விலை போகாது. மிஷனரி மனைவிமார் அருகே நின்று சுத்தத்தைக் கவனிப்பார்கள். மாவு கப்பலேறி ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் விற்பனையானது. அந்தப் பணத்தில்தான் அனெய்ட்டியம் மக்கள் தங்கள் வேதாகமத்தின் அச்சுச் செலவை ஆண்டுக்கணக்கில் அடைத்தார்கள். புதிய ஏற்பாடு 1863இல் லண்டனில் அச்சானது. இனாமாக வாங்காமல் தங்கள் உழைப்பால் வாங்கிய புத்தகம் அது. இந்த ஒரு செய்திக்காகவே அந்த மக்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

நோய்தான் அந்த வாழ்க்கையின் மிகக் கடினமான பகுதி. மலேரியா கொசுவால் வருகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. பக்கத்துத் தீவான டன்னாவில் 1858 நவம்பரில் இறங்கிய ஜான் பேட்டன் என்ற இன்னொரு மிஷனரி கடலோரத் தாழ்நிலத்தில் வீடு கட்டினார். மறு மார்ச்சில், பிரசவமாகிச் சில வாரங்களில், அவருடைய இளம் மனைவி மேரி காய்ச்சலில் இறந்தார். பச்சைக் குழந்தையும் அதே மாதத்தில் போயிற்று. பேட்டன் தம் கையாலேயே குழி தோண்டி அடக்கம் செய்தார். 1861இல் வெளிக் கப்பல் ஒன்று கொண்டுவந்த தட்டம்மை அனெய்ட்டியம் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரைக் கொன்றது. வெளியுலகத் தொடர்பு எழுத்தைக் கொண்டுவந்த அதே கடல்வழியில் சாவையும் கொண்டுவந்தது. மிஷனரி வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு ஏற்கவில்லை.

பேட்டன் மறுமணம் செய்து, மார்கரெட்டுடன் 1866இல் அனிவா தீவுக்குப் போனார். பவளப்பாறைத் தீவு, ஓடையே கிடையாது. மழைநீரும் இளநீரும்தான் குடிக்க. அவர் முப்பது அடி ஆழத்துக்கு மேல் கிணறு தோண்டி நன்னீர் கண்ட கதையை எல்லா மிஷன் புத்தகங்களும் சொல்லும். அதுவரை அந்த வீட்டில் சமையலும் துவைப்பும் எப்படி நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தீர்களா?

இன்னொரு தரப்பையும் சொல்லாவிட்டால் பதில் நிறைவு பெறாது. கெடி வருவதற்கு முன்பே, 1841இல், சமோவாவிலிருந்து உபதேசியார்கள், அதாவது தீவுவாசிகளான கிறிஸ்தவ போதகர்கள், அனெய்ட்டியத்துக்கு வந்துவிட்டார்கள். பின்னர் அனெய்ட்டியத்தாரே டன்னாவுக்கும் அனிவாவுக்கும் உபதேசியார்களாகப் போனார்கள். பலர் மனைவியோடு போனவர்கள். பசிபிக்கின் மிஷனரி தம்பதி என்றால் முதலில் எண்ண வேண்டியது இவர்களைத்தான். அயல்மொழி, அயல்தீவு, அதே காய்ச்சல். ஆனால் சம்பளமும் மருந்தும் மிகக் குறைவு. அனெய்ட்டியம் ஆலயத்தில் கெடிக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். அவர் 1848இல் வந்தபோது இங்கே கிறிஸ்தவர்கள் இல்லை, 1872இல் போனபோது புறமதத்தார் இல்லை என்பது அதன் சாரம். நல்ல வாசகம்தான். அந்த வாக்கியத்தில் சார்லட்டும் இல்லை, சமோவா உபதேசியார்களும் இல்லை.

மேலும் வாசிக்க விரும்பினால் மனைவியரின் கடிதங்களிலிருந்து தொடங்குங்கள். மார்கரெட் பேட்டனின் கடிதங்கள் 1894இலும் சார்லட் கெடியின் கடிதங்கள் 1908இலும் நூலாக வந்தன. கணவர்களின் அறிக்கைகள் சபைக்கு எழுதப்பட்டவை. வெற்றியைக் காட்ட வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு உண்டு. மனைவியரின் கடிதங்களோ குடும்பத்தாருக்கும் தோழியருக்கும் எழுதப்பட்டவை. நீங்கள் கேட்ட அன்றாட வாழ்க்கை இவற்றில்தான் இருக்கிறது.