மூன்றே நாளில் சர்க்கரை இறங்கினால் சந்தோஷப்படலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. போன மாதம்தான் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. வெறும் வயிற்றில் 168, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 7.9. டாக்டர் மெட்பார்மின் எழுதிக் கொடுத்தார். 'மாத்திரையைத் தொட்டால் ஆயுசுக்கும் விட முடியாது, கிட்னியும் போய்விடும்' என்று தோழி சொன்னதால் அதை வாங்கி அலமாரியில் வைத்ததோடு சரி. அவர் தந்த மூலிகைப் பொடியை மூன்று வாரமாகச் சாப்பிடுகிறேன். மூன்றே நாளில் 100-க்கு வந்துவிட்டது! ஆனால் சாயங்காலம் நாலு மணி வாக்கில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, அகோரப் பசி. நச்சு வெளியேறுகிறது என்கிறார் தோழி. வீட்டில் யாருக்கும் தெரியாது. இயற்கை வழியிலேயே தொடரலாமா?

பதில்: தொடரலாமா என்பது இருக்கட்டும். முதலில் அந்த நாலு மணியைப் பார்ப்போம். நடுக்கம், வியர்வை, பசி மூன்றும் சேர்ந்து வந்தால், சர்க்கரை தேவைக்கும் கீழே இறங்குகிறது என்றுதான் எந்த மருத்துவரும் முதலில் சந்தேகப்படுவார். பொடியை இன்றே நிறுத்துங்கள். மறுபடி நடுங்கினால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறியதும் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். மீட்டர் கையில் இல்லையா? பார்க்காமலே குடியுங்கள், தப்பில்லை.

இப்போது பொடிக்கு வருகிறேன். வெந்தயம், பட்டை போன்றவற்றுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் குணம் கொஞ்சம் உண்டு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அந்தக் 'கொஞ்சம்' வாரக்கணக்கில், மெதுவாக நடக்கிற காரியம். 168-ஐ மூன்று நாளில் 100-க்கு இறக்கி, நடுக்கத்தையும் கொடுக்கிற வேலையைச் செய்வது பெரும்பாலும் கிளிபென்கிளமைடு வகை மருந்துகள். சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைப்பவை அவை. 'சுத்த மூலிகை' என்று விற்ற பாக்கெட்டுகளில் இந்த மருந்துகள் ரகசியமாகக் கலந்திருப்பதைப் பல நாடுகளில் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பிடித்திருக்கிறார்கள். உங்கள் பொடியிலும் அதுதான் என்று பரிசோதிக்காமல் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரைக்குப் பயந்து ஓடிய நீங்கள், பெயரும் அளவும் தெரியாத ஒரு மாத்திரையைத்தான் மூன்று வாரமாக விழுங்கிக்கொண்டிருக்கிறீர்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

கிட்னி பயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மெட்பார்மின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. அதனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைப்போம். ரொம்பவும் பழுதாகி, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈஜிஎப்ஆர் 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். 'கிட்னி கெட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது' என்பது வாய்க்கு வாய் மாறி 'கிட்னியைக் கெடுக்கும்' என்று ஆகிவிட்டது. உண்மையில் சிறுநீரகத்தை அரிப்பது, கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான். மெட்பார்மினுக்கும் குறைகள் உண்டு: ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும், வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம். இவற்றைச் சமாளிக்க வழி இருக்கிறது.

இன்னொன்று. கலேகா என்ற செடியை ஐரோப்பாவில் நாட்டு மருந்தாகப் பயன்படுத்தி வந்தார்கள். அதிலிருந்த வேதிப்பொருள் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சாகவும் இருந்தது. அந்தக் குடும்பத்தில் நஞ்சு குறைந்த பொருளைத் தேடிப் போனதன் விளைவுதான் மெட்பார்மின். 1922-ல் ஆய்வகத்தில் தயாரித்தார்கள். 1957-ல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டார். நீங்கள் அலமாரியில் பூட்டி வைத்திருப்பதும் ஒரு மூலிகையின் பேத்திதான்!

ஆயுசுக்கும் விட முடியாது என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. நோய் தெரிந்து ஆறு வருடத்துக்குள் இருந்த, எடை கூடிய நோயாளிகளை வைத்து பிரிட்டனில் டைரக்ட் என்றொரு ஆய்வு நடந்தது. மாத்திரையை நிறுத்தி, மருத்துவக் கண்காணிப்பில் சில மாதம் நாளுக்கு 850 கலோரி அளவில் உணவு கொடுத்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது 46 சதவீதம் பேருக்கு மாத்திரையில்லாமலே எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தது. நோய் தெரிந்து ஒரு மாதம்தான் ஆகிறது உங்களுக்கு. எடை கூடுதலாக இருந்தால், 'இதற்கு முயற்சி செய்யலாமா?' என்று டாக்டரிடம் கேளுங்கள். தானாகப் பட்டினி கிடக்க வேண்டாம்.

நீங்கள் தேடுகிற இயற்கை வழி இதிலேயே இருக்கிறது. சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிடம் நடங்கள். வேலை செய்யும் தசை இன்சுலின் வந்து கதவைத் தட்டும்வரை காத்திராமல் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ராத்திரி நன்றாகத் தூங்குங்கள். தூக்கம் கெட்டால் இன்சுலினின் வேலையும் கெடும். பட்டையைச் சமையலில் சேர்ப்பது வேறு, ஸ்பூன் ஸ்பூனாகத் தின்பது வேறு. கேசியா வகைப் பட்டையில் இருக்கும் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகமானால் ஈரலுக்கு ஆகாது. மூலிகை எதையாவது முயன்றுதான் பார்ப்பேன் என்றால், டாக்டருக்குத் தெரிந்து, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. பலித்ததா என்பதை ஒருநாள் ரீடிங்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளந்துதான் எச்பிஏ1சி இரண்டு, மூன்று மாதக் கணக்கைச் சொல்கிறது.

நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை எப்போது தொடங்குவது என்று அவர் சொல்லட்டும். மிச்சப் பொடியைத் தூக்கி எறியாமல் பாக்கெட்டோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். திட்டுவார் என்று பயப்படாதீர்கள். இதைவிடப் பெரிய ரகசியங்களையெல்லாம் நாங்கள் கேட்டிருக்கிறோம்.

என் சந்தேகம் சரியாக இருந்தால், நிறுத்திய பிறகும் ஓரிரு நாள் சர்க்கரை இறங்கலாம். ரொம்ப இறங்கிவிட்டால் சர்க்கரைத் தண்ணீரைக் கலக்கும் நிதானம்கூட உங்களுக்கு இருக்காது. அதனால் இன்று ராத்திரியே வீட்டில் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: மயங்கினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.