டபுள் பாஸ் தேர்வுக்கு இந்தக் கோடையை எப்படிச் செலவிடுவது?

கேள்வி: மதுரை நரிமேட்டில் இருக்கிறேன். பிளஸ் 1 தேர்வு முடிந்துவிட்டது. மூன்று வருடமாகச் சர்ச்சில் டபுள் பாஸ் (வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியம்) வாசிக்கிறேன். சென்னையில் இருக்கும் ஆசிரியரிடம் வாரம் ஒருநாள் ஆன்லைன் வகுப்பு. வெளிநாட்டு இசைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஆசை. முதலில் வீடியோ அனுப்ப வேண்டும் என்கிறார்கள். இந்த ஏப்ரல், மே விடுமுறையில் கூசெவிட்ஸ்கி எழுதிய டபுள் பாஸ் கான்செர்ட்டோவை (ஆர்கெஸ்ட்ரா துணையோடு தனி வாத்தியம் வாசிக்கும் பெரிய உருப்படி) புதிதாகப் படிக்கலாமா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சாதகம் செய்வது? வெயிலில் வாத்தியத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: கூசெவிட்ஸ்கியை இந்தக் கோடையில் தொட வேண்டாம். மூன்று வருடச் சாதகத்தோடு அதை எடுத்தால், விரல் பலகையில் உச்ச சுரங்கள் உள்ள பாதியில் கட்டைவிரலைத் தந்தி மேல் வைத்து வாசிக்கப் பழகுவதிலேயே இரண்டு மாதமும் கரைந்துவிடும். தவிர, அதைப் பெரும்பாலும் நான்கு தந்தியையும் ஒரு முழு சுரம் ஏற்றி, சோலோ ஸ்ருதியில்தான் வாசிப்பார்கள். அதற்கென்று தனித் தந்தி செட் வாங்க வேண்டும். பெரிய உருப்படியைத் தட்டுத்தடுமாறி வாசிப்பவருக்கும், நடுத்தரமான உருப்படியை ஸ்ருதி விலகாமல், காலம் ஓடாமல் வாசிப்பவருக்கும் நடுவே தேர்வுக் குழு யாரை எடுக்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். பிரிட்டன் இசைக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம் அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கு டிசம்பர் 1 கடைசி நாள். பல இடங்களில் வீடியோவையும் அதற்குள் ஏற்ற வேண்டும். உங்களுக்கோ செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டு. பிளஸ் 2 தொடங்கிய பிறகு புது உருப்படிக்கு நேரம் கிடைக்காது. ஆகவே ஏப்ரல் முதல் வாரத்திலேயே பட்டியலை முடிவு செய்து, மே கடைசிக்குள் எல்லாவற்றையும் மெதுவான காலத்தில் பிழையின்றி வாசிக்கும் நிலைக்கு வந்துவிட வேண்டும். வேகமும் மெருகும் ஜூன், ஜூலையில் வரட்டும்.

கல்லூரிக்குக் கல்லூரி பட்டியல் மாறும். விண்ணப்பிக்கப்போகும் எல்லாக் கல்லூரிகளின் பட்டியலையும் ஒரே தாளில் எழுதி, பொதுவாக வருபவற்றை வட்டமிடுங்கள். பெரும்பாலும் மிஞ்சுவது இவ்வளவுதான்: ஒரு கான்செர்ட்டோவின் அல்லது சொனாட்டாவின் (பல பகுதிகள் கொண்ட வாத்திய உருப்படி) பகுதி, அதற்கு மாறான குணமுள்ள இன்னொன்று, ஆர்கெஸ்ட்ரா பகுதிகள் (சிம்பொனி போன்றவற்றில் பாஸ் வாசிக்கும் துண்டுகள்) இரண்டு, ஸ்கேல்கள் (ஆரோகண அவரோகண வரிசைகள்). உங்கள் நிலைக்கு எக்கிள்ஸ் எழுதிய ஜி மைனர் சொனாட்டாவின் முதல் இரண்டு பகுதிகள் பொருத்தம். ஒன்று விளம்பம், மற்றது துரிதம். கான்செர்ட்டோதான் வேண்டும் என்று கேட்கும் கல்லூரிக்குக் கபூட்சி எழுதிய கான்செர்ட்டோவின் முதல் பகுதி போதும். டிராகொனெட்டி பெயரில் வழங்கும் ஏ மேஜர் கான்செர்ட்டோவும் நல்லதே. அதை உண்மையில் எழுதியவர் எதுவார் நானி. விண்ணப்பத்தில் இருவர் பெயரையும் எழுதுங்கள்.

நேரக் கணக்குக்கு வருவோம். விடுமுறை தொடங்கிய உற்சாகத்தில் முதல் நாளே ஐந்து மணி நேரம் வாசிப்பவர்களுக்குப் பத்தாம் நாள் இடது மணிக்கட்டு வலிக்கும். முதல் வாரம் ஒன்றரை மணி நேரம் போதும். வாரத்துக்கு இருபது நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் மே முதல் வாரத்துக்குப் பிறகு மூன்று மணி நேரத்தை எட்டுவீர்கள். அதுவே உச்சம். ஒரு அமர்வு 45 நிமிடம், பிறகு 10 நிமிடம் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் காலை 11 முதல் மாலை 4 வரை வாசிக்காதீர்கள். வியர்த்த விரல் தந்தியில் வழுக்கும், வழுக்காமல் இருக்கக் கை தானாகவே இறுக்கிப் பிடிக்கும், அந்தப் பிடியே பழக்கமாகிவிடும். விடியற்காலையில் இரண்டு அமர்வு, இருட்டிய பிறகு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் முடித்ததும் பழைய வேட்டித் துணியால் தந்திகளைத் துடைத்துவிடுங்கள். வியர்வை உப்பு தந்தியைச் சீக்கிரம் மந்தமாக்கும்.

இடது கை

மூன்று வருடம் வாசித்தவர்கள் பெரும்பாலோரிடம் உள்ள குறை ஸ்ருதி. அதற்குக் காரணம் காது அல்ல, தூரம். தந்தியின் அதிரும் நீளம் 106 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தலைப்பக்கத்தில் கை இருக்கும்போது முதல் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் இடையே ஒரு முழு சுரம் சுமார் 11 செ.மீ. தந்தியின் நடுவில், அதாவது ஒரு ஸ்தாயி மேலே, அதே முழு சுரம் 6 செ.மீ. கூட இல்லை. தலைப்பக்கத்துக் கீழ் சுரங்களில் ஒரு செ.மீ. தவறினால் அரை சுரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் விலகும். நடுவில் அதே ஒரு செ.மீ. மூன்றில் ஒரு பங்கு விலக்கும். சுரம் மேலே போகப்போகக் கை சுருங்கிக்கொண்டே வர வேண்டும். கீழ் ஸ்தான (தலைப்பக்கத்தில் கை நிற்கும் இடம்) அகலத்திலேயே கையை உச்ச சுரங்களுக்குக் கொண்டுபோவதுதான் உச்ச சுரங்கள் எல்லாம் ஏறிப் பேசுவதற்குக் காரணம்.

கீழ் ஸ்தானங்களில் சிமாண்டல் என்பவரின் பாடமுறைப்படி 1, 2, 4 விரல்கள்தான். மூன்றாம் விரல் நான்காம் விரலுக்குத் துணையாகக் கூடவே அழுந்தும். கட்டைவிரல் கழுத்தின் பின்னால், இரண்டாம் விரலுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். பிடி இறுகிவிட்டதா என்று பார்க்க, கட்டைவிரலை எடுத்துவிட்டு ஒரு ஸ்கேல் வாசியுங்கள். கையின் எடையிலேயே தந்தி பலகையில் படிந்தால் சரி. படியவில்லை என்றால், குறை கையிலா வாத்தியத்திலா என்று பார்க்க வேண்டும். விரல் பலகை முடியும் இடத்தில் தந்திக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஸ்டீல் தந்திக்கு ஜி (உச்ச தந்தி) 6 மி.மீ., ஈ (தாழ்ந்த தந்தி) 9 முதல் 10 மி.மீ. வரை இருக்கலாம். ஈ 13 மி.மீ. என்று காட்டினால் எத்தனை சாதகம் செய்தாலும் கைதான் வலிக்கும். குதிரையை (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) சீவிக் குறைக்க வேண்டும். அது தெரிந்தவர் செய்கிற வேலை, நீங்களே அரத்தை எடுக்காதீர்கள்.

ஸ்ருதிக்கு நம் ஊரில் கைக்கெட்டும் நல்ல உதவி தம்புரா ஆப். எஃப் மேஜர் ஸ்கேலுக்கு 4 கட்டை, ஜி மைனர் சொனாட்டாவுக்கு 5 கட்டை வைத்து, சட்ஜம் பஞ்சமம் ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு சுரத்தையும் நான்கு எண்ணிக்கை நிறுத்தி வாசியுங்கள். சேர்ந்தால் அலை அடங்கும், சேராவிட்டால் துடிக்கும். ஒரு எச்சரிக்கை உண்டு. தம்புராவோடு இயல்பாகச் சேரும் அந்தர காந்தாரம் பியானோவின் காந்தாரத்தைவிட 14 சென்ட் (அரை சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்வு. வீடியோவில் பியானோ துணை இருக்கும் என்றால், வாரத்தில் இரண்டு நாளாவது கீபோர்டோடு வாசித்துக் காதைப் பழக்குங்கள்.

வெறும் தந்திகளை ஸ்ருதி சேர்க்கும்போது போன் டியூனர் ஈ தந்தியில் தடுமாறும். அதன் அதிர்வு 41 ஹெர்ட்ஸ்தான், போன் மைக்குக்கு அது சரியாக எட்டாது. ஹார்மோனிக் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) வைத்துச் சேருங்கள்: தாழ்ந்த தந்தியின் நாலில் ஒரு பங்கு இடத்தையும், அதற்கு அடுத்த உயர்ந்த தந்தியின் மூன்றில் ஒரு பங்கு இடத்தையும் தொட்டால் இரண்டும் ஒரே சுரம் பேச வேண்டும்.

வில்லைப் பற்றிச் சுருக்கமாக. பிரெஞ்சுப் பிடியோ ஜெர்மன் பிடியோ, எது பழக்கமோ அதிலேயே இருங்கள். தேர்வு வருடத்தில் மாற்றக் கூடாது. தினமும் முதல் பத்து நிமிடம் வெறும் தந்தியில் நீண்ட வில், ஒரு வில்லுக்கு எட்டு வினாடி. ஈ தந்தியில் வில் குதிரையிலிருந்து சற்று விலகியும் மெதுவாகவும் போக வேண்டும். ஜி தந்தியில் குதிரையை நெருங்கலாம். கரகரவென்று அடைத்த நாதம் வந்தால் மணிக்கட்டால் அழுத்துகிறீர்கள் என்று பொருள். தோளிலிருந்து கையின் எடையை மட்டும் இறக்குங்கள்.

ஆர்கெஸ்ட்ரா பகுதி

பட்டியல்களில் அடிக்கடி வருவது பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனியின் மூன்றாம் பகுதி. நடுவில் சி மேஜரில் செல்லோவும் பாஸும் தொடங்கும் ட்ரியோதான் அதில் பரீட்சை. அச்சில் உள்ள வேகம் ஒரு பாருக்கு (இசைத்தாளில் கோடுகளுக்கு நடுவே உள்ள ஒரு தாளச் சுற்று) ஒரு தட்டு, நிமிடத்துக்கு 96. நீங்கள் 60இல் தொடங்கி, மூன்று முறை தொடர்ந்து பிழையின்றி வந்த பிறகே 4 கூட்டுங்கள். வில்லின் நடுப்பகுதியில் ஒரு சாண் நீளத்துக்குள்ளேயே கை அசைய வேண்டும். நீள வில் போட்டால் தந்தி மாறும்போது கட்டாயம் பிந்தும்.

இதில் நம் பிள்ளைகள் செய்யும் ஒரு தவறு கேட்டவுடன் தெரியும். ஒரு பாரில் ஆறு சுரம் என்றதும் நாக்கு தானாக ‘தகிட தகிட’ என்று போட்டுவிடும். அது மூன்று மூன்றாகப் பிரிக்கிறது. இங்கே வேண்டியது மூன்று ஜோடி: ‘தக தக தக’. முதலில் வாத்தியம் இல்லாமல், கையில் தாளம் போட்டு வாயால் சொல்லுங்கள். விரல் அடையாளங்களை ஆசிரியரோடு பேசி பென்சிலில் எழுதியபின் மாற்றாதீர்கள். வாரத்துக்கொரு விரலடைவு வைத்துக்கொள்பவர் பதற்றத்தில் எல்லாவற்றையும் கலந்துவிடுவார்.

வெயிலும் வாத்தியமும்

வில் மயிரில் தேய்க்கும் பிசினான ரோசினில், பாஸ் ரகம் வயலின் ரகத்தைவிட மென்மையானது. 40 டிகிரி தொடும் நாளில் மென்மை ரகம் டப்பாவிலேயே இளகி வழியும். வில்லில் அது அப்பிக்கொண்டால் நாதத்தில் பிசுபிசுப்பு வரும். கோடைக்குக் கடின ரகத்தை வாங்கிக்கொண்டு, ஒரே திசையில் இரண்டு இழுப்பு இழுங்கள். டப்பாவை நிமிர்த்தி, வீட்டில் குளுமையான மூலையில், தண்ணீர்ப் பானைப் பக்கம் ஈரம் படாமல் வையுங்கள். பிரிட்ஜில் வைத்தால் நொறுங்கும். வில் மயிர் வறண்ட காற்றில் சுருங்கும். வாசித்து முடித்ததும் முழுக்கத் தளர்த்தாமல் வைத்தால் வில்லின் வளைவே கெட்டுவிடும்.

வாத்தியத்தை மொட்டை மாடிக்கு அடுத்த அறையிலோ மேற்குச் சுவரை ஒட்டியோ நிறுத்தாதீர்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெயிலுக்குக் கொண்டுபோவதும் கெடுதல். சர்ச்சுக்குக் குட்டியானையில் ஏற்றிப் போவதானால் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், நிறுத்திய வண்டியில் விட்டுவைக்காதீர்கள். சூட்டில் பசை இளகி ஓரம் திறந்துகொள்ளும். ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் ‘ஜ்ர்ர்’ என்று கேட்டால், விரல் கணுவால் ஓரம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். திறந்த இடம் பொட்டென்று வேறு மாதிரி பேசும். அங்கே பெவிகாலோ அரால்டைட்டோ ஊற்றிவிடாதீர்கள். பழைய முறை விலங்குப் பசை ஈரமும் சூடும் பட்டால் விட்டுக்கொடுக்கும், அடுத்த பழுதுபார்ப்புக்கு மரம் தப்பும். மற்றவை மரத்தைப் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

உள்ளே நிற்கும் மரக்குச்சியான சவுண்ட் போஸ்ட் சாய்ந்து விழுந்த சத்தம் கேட்டால், உடனே தந்திகளைத் தளர்த்திவிட்டு வாசிப்பை நிறுத்துங்கள். மொசைக் தரையில் வாத்தியத்தைத் தாங்கும் அடிக்கம்பி வழுக்கும். ரப்பர் முனையோடு, அதன் கீழே விரிக்கக் கயிற்று மிதியடியும் வேண்டும்.

வீடியோ

மே முதல் வாரத்திலிருந்தே வாரம் ஒரு முறை பதிவு செய்யுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஒரு பகுதியை வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே மூச்சில் கேட்கின்றன. முகம், இடது கை, வில் மூன்றும் தெரிய வேண்டும். கேமரா இரண்டு, இரண்டரை மீட்டர் தள்ளி, குதிரைக்கும் முகத்துக்கும் நடு உயரத்தில் இருக்கட்டும். அறையின் மூலையில் நின்றால் கீழ் சுரங்கள் மட்டும் வீங்கிக் கேட்கும். ஒரு மீட்டராவது முன்னே வாருங்கள். வெறும் கான்கிரீட் சுவர் எதிரொலித்தால் எதிர்ச்சுவரில் இரண்டு ஜமக்காளம் தொங்கவிடுங்கள். போன் மைக் சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்கும், அதனால் உங்கள் மென்மையும் அழுத்தமும் ஒன்றாகிவிடும். முடிந்தால் தனி மைக் ஒன்றை இரவல் வாங்குங்கள். கேட்டுப் பார்ப்பது ஹெட்போனில்தான். போன் ஸ்பீக்கரில் உங்கள் ஈ தந்தி இருப்பதே தெரியாது.

மின்விசிறி ஓடக் கூடாது. மே மாதத்தில் அது பெரிய சோதனை, எனவே காலை ஐந்து மணிக்குத் தயாராகிவிடுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களையும், பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டும் நாட்களையும் முன்கூட்டியே விசாரித்துத் தவிர்த்துவிடுங்கள். சர்ச் ஹால் வார நாளில் காலியாக இருந்தால் வீட்டைவிட அதுவே மேல்.

வீடியோவில் தேறி நேரில் அழைத்தால், ஆறடி வாத்தியத்தைச் சுமந்துபோக வேண்டியிருக்காது. பாஸ் தந்து உதவும் கல்லூரிகள் உண்டு. முன்பே எழுதிக் கேளுங்கள். வில்லை மட்டும் உங்களுடையதே கொண்டுபோங்கள். ஆனால் முன்பின் தெரியாத பாஸில் தந்தி நீளம் 104 செ.மீ. இருக்கலாம், 110ம் இருக்கலாம். ஆகவே இந்த விடுமுறையில் ஒரு முறையாவது சென்னைக்குப் போய், ஆசிரியரின் வாத்தியத்தில் ஒரு மணி நேரம் வாசிக்கக் கேளுங்கள். கையில் எடுத்ததும் உருப்படிக்குப் போகாதீர்கள். தந்தியின் நடு ஹார்மோனிக்கைத் தொட்டு, அங்கிருந்து கையைக் கீழ் சுரங்களை நோக்கி நகர்த்தி, ஒவ்வொரு ஸ்தானத்தையும் வெறும் தந்தியோடு ஒப்பிட்டுக் காதால் பிடியுங்கள். ஐந்து நிமிடத்தில் கை அந்த அளவுக்குப் பழகிவிடும். பிறகு எக்கிள்ஸை வாசியுங்கள்.