கடனுக்குக் கீழே போன வீடு

அன்புள்ள அக்காவுக்கு,

என் பெயரை வெளியிட வேண்டாம். பல வருடங்களாகக் குடும்பத்தோடு அமெரிக்காவில் இருக்கிறேன். 2022-ல், விலை உச்சத்தில் இருந்தபோது, ஐந்து சதவீதம் மட்டும் கையிலிருந்து போட்டு ஒரு வீடு வாங்கினோம். போன வருடம் வேலை போய்விட்டது. இப்போது கிடைத்திருக்கும் வேலையில் பாதிச் சம்பளம்தான். கடன் பாக்கி 4,60,000 டாலர். விற்றால் 3,90,000 வரலாம் என்கிறார் ஏஜெண்ட். வங்கியின் சம்மதத்தோடு, கடன் பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு விற்கும் ‘ஷார்ட் சேல்’ செய்துவிடலாம் என்கிறார். நான் 401-கே என்ற ஓய்வுகாலச் சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் மாதத் தவணை கட்டிவருகிறேன். பத்திரத்தில் மனைவி பெயரும் இருக்கிறது, ஆனால் அவருக்கு இது எதுவும் தெரியாது. வாங்கிய கடனை முழுதாகத் திருப்பாமல் விடுவது துரோகம் இல்லையா? விலை மறுபடி ஏறும்வரை தாக்குப்பிடிக்கலாமா? கிரெடிட் ஸ்கோர் என்ன ஆகும்? மைத்துனர் வீட்டை வாங்கி எங்களுக்கே வாடகைக்கு விடுகிறேன் என்கிறார், அது சரிவருமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடன் என்று வந்தால் மானம், நாணயம் என்ற பேச்செல்லாம் ஏன் மாதச் சம்பளக்காரர்களை மட்டும் குறிவைக்கிறது என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். விலை ஏறுமா என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இந்த மாதத் தவணைக்கே வழியில்லாதவருக்கு, என்றோ ஏறப்போகும் விலையால் என்ன பயன்? கிரெடிட் ஸ்கோர் விழும். இந்தக் கறை ஏழு வருடம் கிரெடிட் அறிக்கையில் இருக்கும், அப்புறம் போய்விடும். வங்கி வீட்டை எடுத்து ஏலம் விட்டால், வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி மறுபடி வீட்டுக்கடன் வாங்கப் பொதுவாக ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். ஷார்ட் சேல் என்றால் நான்கு. மைத்துனர் யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் உறவில்லை, விற்றவர் அங்கேயே குடியிருக்க ரகசிய ஒப்பந்தமும் இல்லை என்று வங்கி பொதுவாக எழுதி வாங்கும். உண்மையை மறைத்து அதில் கையெழுத்துப் போட்டால் அது மோசடி. கஷ்டத்தில் இருக்கும் ஒருவர் குற்றவாளியாகவும் ஆக வேண்டுமா?

‘துரோகம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

யாருக்குத் துரோகம்? ஐந்து சதவீதம் போட்டு வாங்கியதால், தவணையோடு பிஎம்ஐ என்று ஒரு தொகையும் நீங்கள் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஸ்டேட்மெண்டை எடுத்துப் பாருங்கள். நீங்கள் கட்ட முடியாமல் போனால் கடன் கொடுத்தவரின் நஷ்டத்தில் ஒரு பகுதியை ஈடுகட்ட எடுக்கப்பட்ட காப்பீடு அது. பிரீமியம் உங்களுடையது, பாதுகாப்பு அவர்களுடையது. இப்படி நடக்கலாம் என்று அவர்களுக்கு முதல் நாளே தெரியும். அதற்கு ஒரு விலை வைத்து, அதை உங்களிடமே வசூலித்தும் வருகிறார்கள். கட்டாவிட்டால் வீட்டை எடுத்துக்கொள்வோம் என்று அவர்கள் எழுதினார்கள், நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். இது இரண்டு தரப்பும் கண்ணைத் திறந்துகொண்டு செய்த ஒப்பந்தம். இதில் துரோகம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் வீட்டுக்கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, மார்ட்கேஜ் பேங்கர்ஸ் அசோசியேஷன். 2007-ல் வாஷிங்டனில் 7.9 கோடி டாலருக்கு ஒரு கட்டடம் வாங்கினார்கள். அதில் 7.5 கோடி கடன். அப்புறம் சந்தை சரிந்தது. 2009 கடைசியில் அந்தச் சங்கத்தின் தலைவர், கடனைக் கட்டாமல் வீட்டை விட்டுப் போகிறவர்கள் தங்கள் குடும்பத்துக்கும் பிள்ளைகளுக்கும் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று கேட்டார். 2010 பிப்ரவரியில் அதே சங்கம் தன் கட்டடத்தைச் சுமார் 4.1 கோடிக்கு விற்றது. மீதிக் கடனை முழுதாகக் கட்டுவீர்களா என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல மறுத்துவிட்டார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் நியூயார்க்கின் ஸ்டைவசண்ட் டவுன் குடியிருப்பு கைவிடப்பட்டது. பக்கத்துக் குடியிருப்பையும் சேர்த்துப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2006-ல் 540 கோடி டாலர் கொடுத்து வாங்கியவர்கள், கடன் கொடுத்தவர்களிடமே ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டார்கள். பெரிய நிறுவனங்கள் செய்யும்போது அதற்கு வியாபார முடிவு என்று பெயர். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பீர்கள் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

நீங்களோ அவர்கள் செய்ததைக்கூடச் செய்யவில்லை. பணத்தை வைத்துக்கொண்டு கட்டாமல் விடுவது வேறு விஷயம், அதைப் பற்றி நீங்கள் கேட்கவும் இல்லை. வேலை போனது, சம்பளம் குறைந்தது, இவ்வளவுதான் முடியும் என்று வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, வரித்தாக்கல் எல்லாவற்றையும் எடுத்து வைத்து வங்கியிடமே கேட்கப்போகிறீர்கள். அவர்கள் ஆள் அனுப்பி வீட்டை மதிப்பிட்டு, ஏலம் விட்டால் வருவதைவிட இது மேல் என்று தோன்றினால்தான் சம்மதிப்பார்கள். இதைவிட நேராக ஒரு மனிதன் நடந்துகொள்ள முடியுமா?

நேராக நடக்காத இடம் ஒன்று இருக்கிறது. அது வங்கியிடம் இல்லை, உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது.

2010-ல் அமெரிக்காவில் ஒரு தோழி வீட்டில் தங்கியிருந்தேன். சமையலறையில் கத்தரிக்கோல் தேடி ஓர் இழுப்பறையைத் திறந்தேன். ரப்பர் பேண்ட் போட்ட உறைகள், ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை, எல்லாம் ஒரே வங்கியிலிருந்து. மேல் உறையில் காபிக் கோப்பை வைத்த வட்டக் கறை. தோழியின் கணவர் வந்தார். என் கையிலிருந்து கட்டை வாங்கினார், அதே இடத்தில் வைத்து மூடினார், கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏல விஷயம் தோழிக்குத் தெரிந்தது, வாசல் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான். பிறகு அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தபோது, தவணையைக் குறைக்க விண்ணப்பிக்கலாம் என்று ஒரு கடிதமும் உள்ளே இருந்தது. கெடு எப்போதோ முடிந்திருந்தது. வீடு போன துக்கம் அவளுக்கு ஒரு வருடத்தில் ஆறியது. “என்னிடம் சொல்லியிருந்தால் நானே உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தை எழுதியிருப்பேனே” என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் மனைவியின் பெயரும் பத்திரத்தில் இருக்கிறது. அவர் கையெழுத்தில்லாமல் இந்த வீட்டை விற்கவே முடியாது. எப்படியும் தெரியத்தான் போகிறது. ஏஜெண்ட் நீட்டும் காகிதத்தைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ள வேண்டுமா? அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவருக்கும் உரிய சேமிப்பை அவருக்குத் தெரியாமல் கரைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன்னால் அந்தப் பணத்தை எடுத்தால் வருமான வரி போக, பொதுவாகப் பத்து சதவீதம் அபராதமும் உண்டு. நாளைக்கே மஞ்சள் கடுதாசி கொடுக்கும் நிலை வந்தாலும் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாத பணம் அது. அதை எடுத்து, மதிப்பு கடனுக்குக் கீழே போய்விட்ட வீட்டில் போடுகிறீர்கள். இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். கெஞ்சிக் கேட்கவில்லை, திட்டித்தான் சொல்கிறேன்.

பயந்துபோய் இருக்கிறீர்கள், புரிகிறது. ஒரு தவணை தவறினால் மறுநாளே வெளியே தள்ளிவிடுவார்கள் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. 2014 முதல் இருக்கும் கூட்டாட்சி விதிப்படி, நீங்கள் குடியிருக்கும் வீடு என்றால், பொதுவாகத் தவணை 120 நாளுக்கு மேல் தாண்டிய பிறகுதான் ஏலத்துக்கான முதல் நடவடிக்கையையே தொடங்க முடியும். பேசுவதற்கு அவகாசம் இருக்கிறது. ஆனால் ஷார்ட் சேல் முடிய மாதக்கணக்கில் ஆகும் என்பதால், அந்த அவகாசத்தை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.

ஏஜெண்ட் உங்களிடம் அழுத்திச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. வங்கி தரும் ஒப்புதல் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். வீட்டின் மீதுள்ள அடமான உரிமையை விடுவிக்கிறோம் என்று மட்டும் இருந்தால், வீடு கைமாறிவிடும், மீதி 70,000 டாலரும் விற்பனைச் செலவும் உங்கள் தலையிலேயே நிற்கும். பாக்கியை முழுவதுமாகத் தள்ளுபடி செய்கிறோம், பிறகு கேட்கமாட்டோம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2011-லிருந்து ஷார்ட் சேலுக்குப் பிறகு பாக்கியைக் கேட்க முடியாதபடி சட்டம் இருக்கிறது. எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை. வீட்டின் மேல் இரண்டாவது கடன் ஏதாவது இருந்தால் அவர்களிடமும் தனியாக எழுதி வாங்குங்கள். தள்ளுபடி ஆன தொகையை வருமானமாகக் காட்டி 1099-சி என்ற வரிப் படிவம் வரும். சொந்தமாகக் குடியிருந்த வீட்டுக்கு வரிவிலக்குத் தரும் சட்டம் 2007-ல் வந்தது, ஆனால் கெடு வைத்து அவ்வப்போது நீட்டித்து வந்ததுதான். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். உங்கள் மொத்தக் கடன் மொத்தச் சொத்தைவிட அதிகம் என்றால் 982 என்ற வரிப் படிவம் வழியாக விலக்குக் கேட்கலாம். இதற்கு ஒரு வரி ஆலோசகரும், கடிதத்தைப் படிக்க ஒரு வழக்கறிஞரும் வேண்டும். அந்தச் செலவைச் செய்யுங்கள்.

வீட்டைக் காப்பாற்றித் தருகிறேன் என்று முன்பணம் கேட்டு யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். வீட்டுவசதித் துறையான ஹட் அங்கீகரித்த ஆலோசகர்கள் பெரும்பாலும் இலவசமாகவே உதவுகிறார்கள். முதல் போன் அவர்களுக்குப் போகட்டும். பேசும்போது உங்கள் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

அவரிடம் சொன்ன பிறகு எனக்கு எழுதுங்கள். சொல்லாமல் எழுதினால் பதில் போடமாட்டேன்.

அன்புடன்,
அக்கா