வேரை நிறுத்துப் பார்த்த பிள்ளைக்கு மூன்றாவது நீட் எதற்கு?

ஆச்சி, போன வாரம் நீங்கள் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தீர்கள், நானும் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது. நேராகவே சொல்கிறேன்: உங்கள் மகளுக்கு மூன்றாவது தடவை நீட் வேண்டாம். பெரியப்பா சொல்கிற மாதிரி வீட்டில் உங்கள் பங்கை விற்று வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ப்பது கூடவே கூடாது. அவர் பிரியத்தில்தான் சொல்கிறார், ஆனால் படிக்கப்போவது அவள்.

அவள் நோட்டைப் பார்த்தீர்களா? வளவில் தொட்டி வைத்து உளுந்து போட்டு, வாரம் ஒரு செடியைப் பிடுங்கி, வாளித் தண்ணீரில் மண் போக அலசி, பழைய நகைத் தராசில் வேரைத் தனியாக, தண்டு இலையைத் தனியாக நிறுத்து எழுதியிருக்கிறாள். கீழே ஒரு கேள்வி: ‘செடி இரண்டு மடங்கானால் வேருக்குச் சாப்பாடும் இரண்டு மடங்கு வேண்டுமா?’

யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த கேள்வி அது. விலங்குகளில் எடை இரட்டித்தால் உடலின் சக்திச் செலவு சுமார் 1.7 மடங்குதான் ஆகும் என்ற கணக்கு 1932-இல் மாக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி காட்டியதிலிருந்து வருகிறது. செடி அப்படியே அதில் அடங்காது. நாற்றாக இருக்கும்போது எடை ஏற ஏற சுவாசமும், அதாவது சாப்பாட்டை எரித்துச் சக்தி எடுப்பதும், ஏறக்குறைய அதே அளவு ஏறும், பெரிய மரமாகும்போதுதான் பின்தங்கும், ஏனென்றால் உள்ளே பெரும்பகுதி உயிரில்லாத கட்டை. இதைப் பார்க்க சைபீரியாவிலிருந்து வெப்பமண்டலம் வரை 271 செடிகளையும் மரங்களையும் ஆராய்ச்சியாளர்கள் வேரோடு எடுத்து அளந்து 2010-இல் வெளியிட்டார்கள். வேருக்குள்ளும் இப்படித்தான்: 2 மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறைந்த மெல்லிய வேர்தான் முக்கியமாகத் தண்ணீரை உறிஞ்சும், கிராமுக்குக் கிராம் அதிகம் சுவாசிப்பதும் அதுதான். தடித்த வேர் தாங்கவும் கடத்தவும். வேர் விடுவதும் செடிக்கு ஒரு முதலீடு ஆச்சி, நம் வறண்ட சீமையில் மழை தவறினால் பயிர் தாங்குவதில் இந்த வரவு செலவுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, படிப்பு. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல், கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடும். வேதியியலையும் புள்ளியியலையும் விடக்கூடாது. அப்புறம் எம்.எஸ்சி., தாவர வினையியலில், அதாவது செடியின் உடல் இயங்கும் விதத்தைப் படிப்பதில், கவனம் வைத்து. மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வின் உயிர் அறிவியல் தாளில் வேதியியல் கட்டாயம், தாவரவியலைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சி.எஸ்.ஐ.ஆர். நடத்தும் நெட் (NET) தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000. போட்டி கடுமைதான், ஆனால் தோற்றாலும் வீடு உங்கள் கையில் இருக்கும்.

செட்டிநாட்டிலேயே வறண்ட நில வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நோட்டோடு அவளை அங்கே ஒரு நாள் கூட்டிப்போங்கள், பெரியப்பாவையும் சேர்த்து.